கிராணித் தொப்பிக்குப் போகும் வழி

ஞாயிறு, காலை ஆறே முக்கால்.
ஆயில் மில்லின் பின்வாசலில் காரை நிறுத்திவிட்டு
ஐந்து பேர் ஏறத் தொடங்கினோம்.
மஸ்லினா முன்னே, அவள் அக்கா மகன், ஆ சூன்,
பிறகு இவர், கடைசியில் நான்.
எங்களுக்குள் பேச்சு நின்று நான்கு நாள்.

இவர் தம்பியின் லோரிக் கடனுக்கு
என்னைக் கேட்காமல் ஒரு ஜாமீன் கையெழுத்து.
வேறொன்றுமில்லை.

சுலபமும் இல்லை, கஷ்டமும் இல்லை
என்று சொல்லித்தான் கூட்டிவந்தாள் மஸ்லினா.
இரவு ஷிப்டில் நின்றபடியே
கையுறை எண்ணுகிற கால்கள் எங்களுடையவை,
ஏறிவிடும்.

முதல் திட்டில் மூச்சு வாங்க நின்றபோது
மூடுபனி விலகிப் பாறை தெரிந்தது.
மழை தின்று மிச்சம் வைத்த சுண்ணாம்புக்கல்,
ஒன்றன்மேல் ஒன்றாய் ஐந்து தட்டு,
உச்சியில் அகலமாய் ஒன்று, எப்படியோ விழாமல்.
கப்பல் என்றாள் மஸ்லினா.
அடுக்கிய தௌஃபூ என்றான் ஆ சூன், பசியாறாமல் வந்தவன்.
தோட்டத்தில் அதற்குப் பெயர் கிராணித் தொப்பி.
எந்தக் கிராணி என்று யாருக்கும் தெரியாது.
இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன்.
அது அவிழ்ந்திருக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த இடுக்கு.
இரண்டு பாறை; ஒருக்களித்தால் ஒரு ஆள்.
முன்னே போனவர்கள் பல்லிபோல் நழுவிவிட
நான் பாதியில் மாட்டிக்கொண்டேன்.
முதுகில் பை, மார்பில் கல்,
கன்னத்தில் ஈரம், காதோரம் சொட்டும் நீர்.
முன்னும் முடியவில்லை, பின்னும் முடியவில்லை.
கத்த வெட்கம்.
வெளிச்சம் வந்த பக்கத்தை ஒரு தலை மறைத்தது.

"வயித்த எக்கு."

நான்கு நாளில் முதல் வார்த்தை.
எக்கினேன்.
"பையக் கழட்டு. எடது தோளு. இல்ல, எடது."
சிரித்தால் உடம்பு பெருக்கும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
இன்னும் இறுகினேன். கல்லுக்குள்ளேயே சிரித்தேன்.

உச்சியில் காற்று.
பேரேட்டில் கோடு போட்டதுபோல் செம்பனை,
மில்லின் வெள்ளைப் புகை, பள்ளிக்கூடத்து நீலத் தகரம்,
டோல் சாவடியை நோக்கி ஊரும் லோரிகள்.
அதில் ஒன்று தம்பியுடையதாக இருக்கலாம்.
அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆரஞ்சு உரித்து நீட்டினார். புளிப்பு.
சொல்லவில்லை, தின்றேன்.
கையெழுத்து கையெழுத்துதான்.

இறங்குகையில் முட்டி எரிந்தது.
முன்னால் போகிறவர் கண்டதைப்
பின்னால் வருகிறவருக்குச் சொல்ல வேண்டும்.
மஸ்லினாவின் 'ஆக்கார்'
மூன்று வாய் மாறி
'வேரு' என்று எனக்கு வந்து சேரும்.
"கல்லு." "வழுக்கும்." "எறும்பு, நிக்காத."
ஒரு மணி நேரம் இவ்வளவுதான் பேசினோம்.

அடிவாரத்தில் வாய்க்கால்மேல் ஒற்றைப் பலகை.
"ஆடுது" என்றார்.
கடந்து வந்து, திரும்பி,
"ஆடுது" என்றேன் நானும்.
பின்னால் யாரும் இல்லை.