ஊமைப் பூ

சாம்பல் பட்டில் சுற்றி
வால்கூர்ப் ஆடை மாளிகை அனுப்பிய பெட்டியில்
நான்கு குப்பிகள்.
வசந்த வரிசை. மென்மலர் வாசம்.
ஒவ்வொன்றும் நூற்றுத்தொண்ணூறு யூரோ.
எனக்கு இலவசம்;
ஆகவே என் மூக்கு கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

தொழில் இதுதான்: காகிதப் பட்டையில் ஒரு துளி.
முகர்வேன். பிறகு என் முழங்கை மடிப்பையே முகர்ந்து
மூக்கைக் கழுவிக்கொள்வேன்.
மறுபடி.
பத்து நிமிடம் கழித்து. ஒரு மணி கழித்து.
மறுநாள் காலை, பல் துலக்குமுன்.

முதலாவது பியோனி.
கதவைத் தட்டிவிட்டு
யாரும் திறக்குமுன் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடும் விருந்தாளி.
இரண்டாவது ஃப்ரீசியா.
நுனியில் ஒரு மிளகு; பிறகு சோப்பு; பிறகும் சோப்பு.
மூன்றாவது பட்டாணிப்பூ.
'ஒன்றும் சொல்லவில்லை' என்று எழுதினேன்.
அடித்தேன். 'அடக்கம்' என்று எழுதினேன்.
அதையும் அடித்தேன்.

நான்காவது முகே.
மே மாதத்து வெள்ளைப் பூ, தலை கவிழ்ந்த குட்டி மணிகள்.
பிழிந்தாலும் காய்ச்சினாலும் கொழுப்பில் புதைத்தாலும்
தன் மணத்தை எவருக்கும் தராது.
ஊமைப் பூ என்போம் எங்கள் தொழிலில்.
உலகத்து முகே அத்தர் எல்லாம்
அந்தப் பூ சொல்லாததைச் சொன்னதாக
யாரோ ஒரு வேதியியலாளர் எழுதிய சாட்சியம்.

வால்கூர்ப்பின் சாட்சியத்தில் பிசகில்லை.
பச்சைத் தண்டு, ஈரம், மரநிழல்
எல்லாம் அதனதன் இடத்தில்.
புழு மட்டும் இல்லை.

அன்று மே ஒன்று.
பாரிஸில் அன்றைக்கு
யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று முகே விற்கலாம்,
போலீஸ் கண்டுகொள்ளாது.
மெட்ரோ வாசலில் பிளாஸ்டிக் வாளியோடு மாரிவோன்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டு.
சங்க நிதிக்காகக் கொத்து இரண்டு யூரோ.
வாங்கினேன், ஒப்பிட்டுப் பார்க்க.

காசு கொடுத்த கையை அவர் விடவில்லை.
"நீங்களும் சலவைக்கூடமா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
மணிக்கட்டை இன்னொரு முறை முகர்ந்தார்,
தன் ஊர்ப் பேச்சை வேற்றூர் ரயிலில் கேட்டவர் போல.
"இதேதான். கடைசி அலசலில் ஊற்றுவோமே,
இருபது லிட்டர் நீலக் கேன்.
பிரசவ வார்டு, எலும்பு வார்டு, எல்லாப் படுக்கைக்கும்.
குற்றமாகச் சொல்லவில்லை, நல்ல வாசம்.
ஆள் செத்துப்போன கட்டிலில்
அரை மணியில் அடுத்தவர் படுக்க வேண்டும், இல்லையா."

குப்பிகள் என் பையிலேயே இருந்தன;
வெளிக்காற்றிலும் ஒரு முறை சோதிப்பது வழக்கம்.
எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
முகேயைத் தள்ளிவைத்தார்:
"வேலையை வீட்டுக்கும் கொண்டுபோகவா?"
பியோனிக்கு உதட்டைப் பிதுக்கினார். ஃப்ரீசியாவுக்குத் தும்மினார்.
பட்டாணிப்பூவைப் புறங்கையில் தெளித்து
வாடிக்கையாளர் இருவர் காத்திருக்க
வெகுநேரம் நின்றார்.
"இது" என்றார். "இதில் ஒன்றுமே இல்லை."
உள்ளே போய்க்
கதவைச் சாத்திக்கொண்டவர் முகம்.

வீட்டில் கொத்தைத் தம்ளரில் வைத்தேன்.
அது நின்ற தண்ணீர்கூட விஷம் என்பார்கள்;
பூனையை வெளியே தள்ளினேன்.
பக்கத்தில் காகிதப் பட்டையை நிறுத்தினேன்.
உண்மையைச் சொன்னால்
பூவைவிடக் குப்பிதான் பூவாக இருந்தது.
பூவில் கொஞ்சம் மண், கொஞ்சம் வாளி,
மாரிவோனின் கையுறை ரப்பர்.

நீலக் கேனையும் கட்டிலையும் சேர்த்தே எழுதினேன்.
பின்னட்டை விளம்பரம் யாருடையது என்று
ஆசிரியர் கிஸ்லேன் நினைவூட்டினார், அன்பாகத்தான்.
நறுக்கி நறுக்கி மிஞ்சியது ஒரு வரி:
'புதிதாய் விரித்த படுக்கைத் துணியின் தூய்மை.'

ஜூனில் அதே வரி
வால்கூர்ப்பின் கடைக் கண்ணாடியில்,
பொன் எழுத்தில், கீழே என் பெயர்.
மழையில் நின்று வாசித்தேன்.
ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

பட்டாணிப்பூவுக்கு நேரே மட்டும்
இதழில் இப்படி அச்சாகியிருந்தது:
'மதிப்பீட்டுக்குக் கிடைக்கவில்லை.'