சனிக்கிழமைக் கம்பளம்

அறை தயாராக இரண்டு மணி ஆகுமாம்.
அதுவரை கப்பல் முழுக்க உங்களுடையது என்றாள்
வாசலில் அட்டை தந்த பெண்.
நெலிதா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.
இருபத்துநாலு தவணையில் பதினெட்டு கட்டியாயிற்று,
ஆக முக்கால் கப்பல் நம்முடையதுதான்.
வா, எந்த முக்கால் என்று பார்ப்போம்.

லிப்டில் காலடியில் ஒரு கம்பளம்.
நெய்த எழுத்தில்: சனிக்கிழமை.
நடுக்கடலில் கிழமை மறந்துபோகுமாம்.
நள்ளிரவில் யாரோ வந்து இதை உருவிவிட்டு
ஞாயிற்றுக்கிழமையை விரிப்பார்களாம்.
குனிந்து விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.
இரட்டைத் தையல். பரவாயில்லை.

இந்தக் கப்பல் எனக்குப் புதிதில்லை.
வால்பரைசோவில், பரோன் குன்றின் சரிவில்,
எங்கள் சலவைக்கூடத்தில்
பத்தொன்பது கோடைக்காலம்
இதன் மேசைவிரிப்புகளைத் துவைத்திருக்கிறேன்.
துறைமுகத்துக்கு இது வெள்ளைக் கப்பல்.
எனக்கு இது கறையாகத்தான் வந்து சேரும்:
சிவப்பு ஒயின், வெண்ணெய், உதட்டுச்சாயம்,
ஒருமுறை
முடிச்சிட்ட கைக்குட்டைக்குள் பாதிப் பல்செட்டு.

நீச்சல்குளத்தின் மேல் வலை போட்டிருந்தது.
கடலையே கொஞ்சம் மொண்டு வைத்து
அதற்கும் ஒரு காவல்.
நூலகத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் குறுக்கே பித்தளைக் கம்பி,
அலை அடித்தால் புத்தகம் விழாமலிருக்க.
சூதாட்டக் கூடம் மூடியிருந்தது.
கரை கண்ணில் படும்வரை ஆடக்கூடாதாம்.
எங்கள் தெருவில்
கரையைப் பார்த்துக்கொண்டேதான் ஆடித் தோற்கிறார்கள்
என்றாள் நெலிதா, காவலரிடமே.
அவருக்கு எங்கள் மொழி தெரியவில்லை. நல்லவேளை.

ஒன்பதாம் தளம், சாப்பாடு.
நாளைக்குச் சோறே கிடையாது என்பதுபோல் கூட்டம்.
தர்பூசணியில் செதுக்கிய ஆந்தை ஒன்று
எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தது.
நெலிதா விரிப்பின் மூலையைப் புரட்டினாள்.
நீல நூலில் எழுநூற்றுப் பன்னிரண்டு.
நீலம் நீ, சிவப்பு நான் என்றாள்.
நான் தைத்த எண்ணின் மேல்
என் தட்டை வைக்கக் கை வரவில்லை.

அடுத்த மேசையில் ஒருவர் ஒயினைச் சாய்த்தார்.
எப்படி எழுந்தேன், தெரியாது.
உப்பைக் கொட்டி, சோடாவை ஊற்றி,
துணியால் ஒற்றத் தொடங்கிவிட்டேன்.
தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும்.
பரிமாறுகிற பையன் ஓடி வந்தான்.
செனோரா, நீங்கள் விருந்தாளி, உட்காருங்கள்.
மிக மென்மையாக
என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டான்.
அதன்பின் என் கைகளை எங்கே வைப்பது என்று
வெகுநேரம் தெரியவில்லை.

நாலு மணிக்கு எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை.
முகர்ந்து பார்த்தேன்.
இதுவரை யாருக்கும் தேவைப்படாத வாசனை.
அப்படியே இருக்கட்டும்.

சங்கு ஊதியது.
மேல்தளத்திலிருந்து குன்றில் எங்கள் கூரையைத் தேடினோம்.
மஞ்சள், பச்சை, துருப்பிடித்த தகரம்,
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற வீடுகள்.
நெலிதாதான் கண்டுபிடித்தாள்:
அதோ, ஆவி.
ஒரு சுருட்டுப் புகை அளவுக்கு.
அதற்குக் கீழே சுலேமா இந்நேரம்
என் இடத்தில் நின்று
என் பெட்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள்.
பதினாலு நாளில் இந்த விரிப்பெல்லாம் அவளிடம்தான் போகும்.
இரவுச் சாப்பாட்டுக்குப் பீட்ரூட் வேண்டாம் என்றேன்.
நெலிதா சிரிக்கவில்லை.
எனக்கும் வேண்டாம் என்றாள்.

தூக்கம் வரவில்லை.
பதினொன்றே முக்காலுக்கு லிப்டுக்கு எதிரே
நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
அவர் வந்தார், தோளில் சுருட்டிய ஞாயிறு.
சட்டையில் பெயர்: ரொடெல்.
ஊர் இலோயிலோ என்று எழுதியிருந்தது,
எந்தக் கடலுக்கு அப்பால் என்று தெரியவில்லை.
மண்டியிட்டு விரித்தார்.
ஒரு மூலை மடங்கிக்கொண்டே இருந்தது.

மறுமுனையை நான் பிடித்தேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
என் விரல்களைப் பார்த்தார்.
விருந்தாளி என்று சொல்லவில்லை.
இழுங்கள் என்றார், ஏதோ ஒரு மொழியில்.