காணும்

டண்டினோங் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடம்.
லிஃப்ட் வேலை செய்யாத செவ்வாய்க்கிழமை.
ஆரூரனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
நாலு வயது, பதினெட்டுக் கிலோ,
ஒரு சொல்லும் இல்லை.

ப்ரோன்வின் நாற்காலியில் இருக்கவில்லை.
நீல மெத்தையில் குப்புறக் கிடந்தாள்,
காலுறைக்குள்ளிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது.
சோப்புக் குமிழி ஊதினாள். நிறுத்தினாள்.
போத்தலை இறுக்கி மூடி அவன் முன்னால் வைத்துவிட்டு
அவன் முகத்தையே பார்த்தாள்.
கையால் கேட்கலாம், கண்ணால் கேட்கலாம்,
கேட்கட்டும் என்று.

எனக்கு அந்த இடைவெளி பொறுக்கவில்லை.
"பபிள்ஸ் சொல்லு, பபிள்ஸ்."
அவள் என் பக்கம் திரும்பிப் பத்து விரலையும் விரித்து
ஒவ்வொன்றாய் மடக்கத் தொடங்கினாள்.
ஏழாவது விரலில்
அவன் மூடியைத் தொட்டான்.

பிறகுதான் கேட்டாள், வீட்டில் என்ன மொழி?
"இங்கிலிஷ்" என்றேன், கெட்டிக்காரப் பிள்ளைபோல.
இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று
முன்னம் ஒருவர் சொல்லியிருந்தார்.
அன்றிலிருந்து எங்கள் வீட்டில்
கம், ஈட், ஷூஸ், நோ.
எங்கள் இருவரிடமும் இருந்ததே அவ்வளவுதான்.
அவருடைய கோழித் தொழிற்சாலை இரவு வேலைக்கு அது காணும்.
பிள்ளையைக் கொஞ்ச அதற்குள் ஒன்றும் இல்லை.

"கால்விரலை மேசையில் அடித்துக்கொண்டால் என்ன சொல்வாய்?"
"ஐயோ."
"அந்த மொழியில் பேசு அவனோடு."

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.
இரண்டு வருடம்.
யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

அடுத்த கிழமை, படங்கள் ஒட்டிய பலகை.
தொலைபேசியில் மொழிபெயர்த்த பெண், மதுரைப் பக்கம்போல,
ஒவ்வொரு படத்துக்கும் வடிவான தமிழ் தந்தாள்.
வேணும். உதவி. போதும்.
போதும் என்று நாங்கள் சொல்வதில்லை, என்றேன்.
சோறு காணும். காசு காணாது.
விளையாடினது காணும், வா.
அவள் சிரித்தாள்:
"எங்க ஊர்ல காணோம்னா தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம்."
எங்களுக்கும் அப்படி ஒரு சொல் உண்டு.
அதைப் பலகையில் போடச் சொல்லவில்லை நான்.

ப்ரோன்வின் "போதும்" என்பதை வெட்டிப்
பேனையை என்னிடம் நீட்டினாள்.
நான் எழுதியதைச் சொல்லிப் பழகினாள்:
கானும். கானும்.
நாக்கு மடியவே இல்லை.
ஆரூரன் போத்தலை விட்டுவிட்டு
நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்தான்.
"நான் சொல்வது பிழை என்று இவனுக்குத் தெரிகிறது!"
தன் பிழையைத் தானே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்,
பரிசு விழுந்தவள்போல.

டேப்லெட்டுக்குக் குரல் கொடுத்தது நான்,
குசினியில் நின்று.
காணும் என்னும்போது குக்கர் விசிலடித்தது.
திரும்பப் பதிய நேரம் கிடைக்கவில்லை.

ஏழு கிழமை, அவன் அதைத் தொடவே இல்லை.

ஒரு பின்னேரம் வவுனியாவிலிருந்து அக்கா வீடியோவில் வந்தாள்.
"கதைக்கிறானோ?"
எனக்கு அவளிடம் காட்டவேண்டும்.
அம்மா சொல்லு ராசா. அம்மா.
பெரியம்மா பாக்கிறா, அம்மா சொல்லு.
எத்தனை தரமோ. மடக்க விரல் இருந்தது
நினைவிலேயே இல்லை.
அவன் டேப்லெட்டை இழுத்துக்கொண்டு
மேசைக்குக் கீழே போனான்.
கீழேயிருந்து என் குரல் வந்தது:
காணும்.
கூடவே அரை விசில்.

"ஆரது?" என்றாள் அக்கா.
ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.
நானும் கீழே போனேன்.
முழங்கால் வெளியே நின்றது.
நான் வாயே திறக்கவில்லை,
அவன் அழுத்திக்கொண்டே இருந்தான்.
காணும், விசில். காணும், விசில். காணும்.

இரவு வேலைக்காகப் படுத்திருந்த மனிதர்
அரைத் தூக்கத்தில் எழும்பி வந்து
அடுப்பை நிற்பாட்டப் போனார்.
அடுப்பில் ஒன்றும் இல்லை.