இடது குச்சி

முறிகண்டியில் பஸ் நின்றபோது கொம்பியூட்டர்.
கச்சான் சரை முடிகிறபோது கொன்சோல்.
இரணைமடுச் சந்தியில் மறுபடியும் கொம்பியூட்டர்.
என் கைப்பையில்
சீட்டெடுத்த காசு, இரண்டு லட்சத்து நாற்பது.
தம்பி மனம் மாறுகிற ஒவ்வொரு தடவையும்
தொட்டுப் பார்க்கிறேன்.

மல்லாவியில் எங்கள் வீட்டுக்கு வருகிற வயரில்
மயில் வந்து குந்தினால் கரண்ட் போகும்.
போனது திரும்புகையில்
பல்ப் ஒருதரம் வெள்ளையாய் விழிக்கும்.
அதை இது தாங்குமா, அது தாங்குமா என்று
ஒரு மாதமாய் யதுர்சன் படித்த படிப்பை
ஏ-எல்லுக்குப் படித்திருந்தால்…
சரி, விடுவம்.

கிளிநொச்சிக் கடையில் நிரோஜன் என்றொரு பெடியன்.
நல்லாய்க் கதைப்பான்.
"கொன்சோல் எண்டால் தலையிடி இல்லை அக்கா,
ரீவியில குத்தினால் சரி.
கொம்பியூட்டர் எண்டால் விளையாட்டும் ஆச்சு, வேலையும் ஆச்சு.
பிறகு ரம் கூட்டலாம், கார்ட் மாத்தலாம்…"
கூட்டலாம், மாத்தலாம் என்ற சொற்களுக்குப் பின்னால்
என் இரண்டு வருசச் சம்பளம்
வரிசையில் நிற்பது தெரிந்தது.

கொன்சோல் ஒரு லட்சத்து எண்பத்தைந்து.
கொம்பியூட்டர் இரண்டு தொண்ணூறு.
குறைகிற ஐம்பதுக்கு
லீசிங் கொம்பனி றோட்டுக்கு எதிரே.
அதே கொம்பனியின் மல்லாவி வசூல்காரி நான்.
தவணை பிந்தினால்
என் படலையை நானே போய்த் தட்ட வேண்டும்.

"பிடிச்சுப் பாருங்கோ" என்று
நிரோஜன் கொன்ரோலரை நீட்டினான்.
யதுர்சன் வலது கையால் வாங்கினான்.
இடது கை காற்சட்டைப் பைக்குள்.
எப்போதும் அங்கேதான்.
பிறகு எடுத்தான்.
சின்னவிரலும் அதற்கு அடுத்ததும்.
ஐந்து வயதிலிருந்து அவ்வளவுதான்.

நிரோஜன் பார்த்தான். கேட்கவில்லை.
இங்கே ஒருவரும் கேட்பதில்லை.
வயதை மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு
ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள்.

"கொம்பியூட்டர் எண்டால்
ஓடுற பட்டனையும் மௌஸுக்கே மாத்தலாம்.
ஒரு கை காணும்."
தம்பி இதை எனக்குச் சொல்லவில்லை,
தரையில் ஒட்டியிருந்த டைல்ஸுக்குச் சொன்னான்.
ஒரு மாதமாய் இரவிரவாய் அவன் தேடியது
வோல்ட்டேஜ் பற்றி என்று நினைத்திருந்தேன்.

திரையில் பந்து நடுக்கோட்டில் காத்திருந்தது.
நான் அவனுடைய இடப்பக்கம் போய்
என் பெருவிரலை இடது குச்சியில் வைத்தேன்.
ஓட்டம் எனக்கு. உதை அவனுக்கு.
"அக்கா, திரும்பு! அது எங்கட கோல்!"
எங்கள் ஆள்
கட்டையவிழ்ந்த மாடு மாதிரிக் கோட்டைத் தாண்டிப் போனான்.
நாலுக்குப் பூச்சியம்.
கடைசி நிமிசத்தில் ஒருதரம்
என் ஓட்டமும் அவன் உதையும்
ஒரே காலில் நடந்தன.
பந்து கம்பத்தில் பட்டது.
நிரோஜனும் சேர்ந்து "ச்சா" என்றான்.

"அப்ப கொன்சோலைப் போடட்டோ அக்கா?"
பெட்டியைத் தட்டிக்கொண்டு கேட்டான்.
"எனக்கு அடுத்த வருசம் கலியாணம்" என்றேன்.
நிரோஜனுக்கு விளங்கவில்லை.
தம்பி கொன்ரோலரை மெதுவாகக் கண்ணாடிமேல் வைத்தான்.

எதிரே போய்க் கையெழுத்து வைத்தேன்.
ஐம்பதுக்குப் பதினெட்டுத் தவணை.
பிணைக்கு வந்தவள் என்னோடு வேலை செய்கிற சுகந்தினி;
"பிந்தாதை, என்ன?" என்று
என் குரலிலேயே சொன்னாள்.

திரும்புகிற பஸ்ஸில்
பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில்,
ரிக்கற் எடுக்காத மூன்றாவது ஆள்.
மாங்குளம் தாண்டியபோது யதுர்சன் சொன்னான்:
"கொன்ரோலர் ஒண்டும் தனியா வாங்கலாம்.
கொம்பியூட்டரிலயும் வேலை செய்யும்."
"எவ்வளவு?"
"பதினெட்டாயிரம்."
கைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.
இருநூற்று முப்பது.
"நீ கலியாணத்துக்குப் பிறகும் ஞாயிறுகளில வருவாய்தானே"
என்றான், யன்னலுக்கு.

மல்லாவியில் இறங்கும்போது தெரு முழுக்க இருட்டு.
ஒரு லைற்றும் இல்லை.
எந்த மயிலோ.
பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம்,
அவன் வலது கை, என் இடது கை.
சிரிப்பு வந்தது, பாரத்தில் சிரிக்க முடியவில்லை.