நாற்பத்து மூன்றாவது சென்டிமீட்டர்

தார்த்துவில் எங்கள் குளிரறைக்குள்
நீளநீளமாய்ச் சதுப்பு படுத்திருக்கும்,
பாலித்தீன் போர்த்தி, காலில் சீட்டுக் கட்டி.
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத பாசி
மேலே விழுந்த எதையும் மக்கவிடாமல் வைத்திருக்கிறது.
அதை அறுப்பது என் வேலை.
ரொட்டிக் கத்தியால்.
ஆமாம், ரொட்டிக் கத்திதான்.
அதைவிட நல்லது எந்தக் கருவிப் பட்டியலிலும் இல்லை.

ஹெல்வே மகரந்தம் எண்ணுகிறவள்.
பிர்ச், பிர்ச், பைன், ஆல்டர், பிர்ச்,
ஒரு கண்ணாடித் தகட்டுக்கு ஐந்நூறு,
கடன்காரன் காசு எண்ணும் முகத்தோடு.
நாற்பத்து மூன்றாவது சென்டிமீட்டரில்
ரை தானியத்தின் தூள் நின்றுபோகிறது.
குறைவதில்லை. நின்றேபோகிறது.
விதைக்க ஆளில்லை என்கிறாள்.
எப்போது என்றால் ஓர் எண் சொல்லி,
கூட்டியோ கழித்தோ முப்பது ஆண்டுகள் என்பாள்.

அந்த முப்பதைக் கேட்டால் ரெய்னுக்கு மூக்கு சிவக்கும்.
அவர் ஆவணக் காப்பகத்து ஆள்.
அவருடைய ஆண்டுக்குத் தேதி உண்டு, கிழமை உண்டு,
பழைய நாட்காட்டியா புதியதா என்ற வழக்கும் உண்டு.
"உன் முப்பதுக்குள் எனக்கு இரண்டு அரசர்கள் செத்துவிடுகிறார்கள்."
தேவாலயப் பதிவேட்டின் படங்களை மேசையில் பரப்பினார்.
அந்த ஆண்டு அடக்கம்: ஒன்றுமில்லை.
மறு ஆண்டும் ஒன்றுமில்லை.
சாவே விழாத ஊரில் பஞ்சம் எப்படி?

கைடோவிடம் இருந்தது ஒரே ஒரு சொல்.
இரைச்சலோடு சுழலும் ஒலிநாடாவில்
அதே சதுப்போரத்துக்காரி ஒருத்தி
பேச்சோடு பேச்சாய் உதிர்த்தது: மரரொட்டி.
ரொட்டி வைக்கும் பலகை என்று எழுதி
அகராதியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்திருந்தான்.
ஹெல்வே எண்ணுவதை நிறுத்தினாள்.
"பைனும் அங்கே சரிகிறது.
காரணம் தெரியாமல் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டேன்."
பட்டை உரித்த மரம் அடுத்த வசந்தத்தில் தூள் தருமா?
யாரும் கேட்கவில்லை. கேட்டது போலத்தான் இருந்தது.

ரெய்ன் மட்டும் அசையவில்லை.
காகிதத்தில் இல்லாதது நடக்கவில்லை.

கத்தி கழுவிய ஈரக் கையோடு
நான் அந்தப் படங்களைப் பார்த்தேன்.
வெற்றிடத்துக்கு முன்னே
காற்றில் சாய்ந்த நாணல்போல் எழுத்து.
பின்னே உருண்டை உருண்டையாய், கறுப்பு மையில், வேறொரு கை.
எழுதுகிறவரே செத்துப்போனால்
சாவை யார் எழுதுவது என்று கேட்டேன்.

காபி இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் பேசிற்று.

பிழை என்றால் தவறு.
பிழைத்தல் என்றால் சாகாதிருத்தல்.
ஹெல்வேயின் முப்பது ஆண்டுப் பிழைக்குள்
யாரோ பட்டையை அரைத்துத் தின்று பிழைத்திருக்கிறார்கள்.
பிழைத்தவர் வாயிலிருந்துதான் அந்தச் சொல்
நாடாவரை நடந்து வந்திருக்க வேண்டும்.

பிறகு ஒன்றரை ஆண்டு.
தாவர இதழ், இதில் வரலாறு அதிகம் என்றது.
வரலாற்று இதழ், இதில் பாசி அதிகம் என்றது.
மானியப் படிவத்தில் 'துறை' என்ற கட்டம் ஒன்றே ஒன்று,
அதில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு நின்றார்கள்.
யார் பெயர் முதலில் என்று மூன்று வாரம் முகம் பார்க்கவில்லை.
கடைசியில் நாணயம் சுண்டினார்கள். அது மேசைக்கடியில் உருண்டது.
நான்தான் எடுத்துச் சொன்னேன்: ஹெல்வே.

கட்டுரை வந்துவிட்டது. படிவாசியிலேயே இருக்கிறது.
முப்பது ஆண்டு பதினொன்றாய்ச் சுருங்கியிருக்கிறது,
அதற்குமேல் ரெய்ன் இறங்கிவரவில்லை.
நன்றியுரையின் நான்காம் வரியில் நான்.
என் பெயருக்குப் 'பூவின்' என்று பொருள்,
பூவின் எது என்று சொல்லாத பெயர்.
முதலெழுத்தின் தலைமேல் ஓர் அலை இருக்கும்.
அச்சில் அலை இல்லை.
திருத்தச் சொல்லலாமே என்கிறான் கைடோ.

இருக்கட்டும்.
நாளை வேறொரு சதுப்பு வருகிறது, ஆறு மீட்டர்.
கத்தியைத் தீட்ட வேண்டும்.