உதிரிப்பாகம், 1

பெட்டியைப் பிரித்த அன்று டிக்கோயாவில் விடாத மழை.
குறைமாதப் பிள்ளைகளைச் சூட்டில் வைக்கும் மெசின்.
ஜெர்மனியில் ஏதோ ஆஸ்பத்திரி
பாவித்துவிட்டு நமக்குத் தந்தது.
செய்தது ஸ்லோவேனியாவில்,
கூட வந்த புத்தகமும் அந்த மொழியில் மட்டும்.

மூன்று துளை, மூன்று வயர். செருகினேன்.
கத்தியது.
ஒன்றை மட்டும் செருகினேன். அதற்கும் கத்தியது.
இரண்டிரண்டாய்ப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்பீர்கள்.
உள்ளே கிடக்கப்போவது
தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராம்.

போன் மொழிபெயர்த்தது:
"உணர்கொம்புகளை இணைக்கவும்."
கரப்பானுக்கல்லவா அது?

டெய்சிராணி மிஸ்ஸுக்கு ஜெர்மன் தெரியும்.
ஹட்டனில் பாமசிக்கு மேல்மாடியில்
இரண்டு வருடம் படித்தவர், போய்விடுவதற்காக.
"ஜெர்மன் வரைக்கும் யாராவது தூக்கி வந்தால்
மிச்சத்தை நான் தூக்குகிறேன்" என்றார்.

தேடினோம்.
ஒருவர் காணி ஒப்பந்தம் மட்டும் செய்வாராம்.
இன்னொருவர் சமையல் குறிப்பு.
மூன்றாமவர் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்றார்.
கிலோக் கணக்கில் கொழுந்து நிறுக்கிற ஊர்,
அட்டெண்டன் சிரித்துவிட்டார்.
பக்கத்தைப் பார்க்காமலே "முடியும்" என்றார் அந்த ஆள்.
அந்த "முடியும்"தான் பயமாக இருந்தது.

கிளாகன்ஃபுர்ட்டில் ஸ்டாங்கா
விலை சொல்லவில்லை. கேட்டார்:
வயரின் நுனி தட்டையா, கூரா?
தோலில் ஒட்டுவதா, காற்றில் தொங்குவதா?
துளைக்குப் பக்கத்துக் குறியைப் படமெடுத்து அனுப்புங்கள்.
வெளிச்சத்தில்.

மறுநாள் வந்தது.
"டிபாலோ என்றால் ஒன்று. டிபாலா என்றால் பல.
இங்கே எழுதியிருப்பது டிபாலி:
சரியாக இரண்டு.
ஜெர்மனில் இதற்கு உருவம் கிடையாது.
'இரண்டும்' என்று ஒரு சொல் கூட்டியிருக்கிறேன்.
தோலுக்கொன்று, காற்றுக்கொன்று.
மூன்றாவது, பழுது பார்க்க வருபவருக்கு."

ஒருமை, பன்மை என்று மனப்பாடம் செய்தவன் நான்.
நடுவில் ஒரு காம்பரா இருப்பதை
எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

செருகினேன்.
பச்சை விளக்கு. மழைச் சத்தம் மட்டும்.
பொகவந்தலாவைத் தாய்
கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள்.
"கத்தாதா இனி?" என்று கேட்டாள்,
மெசினையா, பிள்ளையையா தெரியவில்லை.

டெய்சிராணி மிஸ் தாள் ஒட்டினார்,
தமிழில் இரண்டு, சிங்களத்தில் இரண்டு.
அவருக்கு விசா நேர்முகம் அடுத்த மாதம்.

பில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம்.
கிளார்க் ஹேமசிறி லெட்ஜரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
சொல்லுக்கென்று ஒரு தலைப்பு அதில் இல்லை.
பேனாவை உதறி எழுதினார்:
உதிரிப்பாகம், 1.