எடைமேடைக் குறிப்பு

வாளையார் தாண்டி, கஞ்சிக்கோட்டுக்கு முன்னால்,
இடது கைப் பக்கம் எங்கள் யார்டு.
சுவரில் மஞ்சள் எழுத்து: பழைய இரும்பு வாங்கப்படும்.
கீழே மலையாளத்தில் அதுவே.
அதற்கும் கீழே சிவப்பில்: அடையாள அட்டை இல்லாமல் வராதீர்.

நான் எடைமேடைக்காரி.
கண்ணாடிக் கூண்டு, ஒரு திரை, ஒரு பிரிண்டர்.
லாரி ஏறினால் எண் ஓடும், பிறகு நிற்கும்.
நின்ற எண்ணை மட்டும் நம்புவேன்.

என்னவெல்லாம் வரும் என்று கேட்காதீர்கள்.
கோழிப்பண்ணைக் கூண்டு, அங்கன்வாடியின் கால் ஒடிந்த தொட்டில்,
சாவி தொலைந்த பீரோ, உள்ளே இன்னும் ஏதோ குலுங்கும்.
ஒருமுறை சாக்கில் சுற்றி நகராட்சியின் சாக்கடை மூடி வந்தது.
கொண்டுவந்தவனிடம் அட்டை கேட்டேன்.
டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனான்,
இரண்டு வருடமாகக் குடிக்கிறான்.
மூடியை மேலாளர் ஹசனார் தன் ஸ்கூட்டரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்,
அந்தக் குழியில் யாரும் விழுவதற்குள்.

வாயிலில் இரண்டு வெள்ளைத் தூண்கள்.
கதிர்வீச்சு கடந்தால் அலறும்.
இங்கே கொட்டுவது நாளைக்கு உலையில் உருகி,
கம்பியாகி, யார் வீட்டுத் தளத்துக்குள்ளோ போய்ப் படுக்கும்;
அந்த வீட்டுக்காரர்களை நாங்கள் பார்க்கப்போவதில்லை.
அதற்குத்தான் தூண்கள்.
நான் சேர்ந்த நாலு வருடத்தில்
இடிக்கு ஒருமுறை அலறின, சும்மா ஒருமுறை.

செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சி வண்டிக்கு அலறின.

ஓட்டுநர் சென்னியப்பன் இறங்கி
தூரத்தில் புங்க மரத்தடியில் போய் நின்றார்.
பதினோரு டன்னையும் காந்தம் எடுத்து எடுத்துப் பரப்பியது.
கணவாய்க் காற்றில் துருப்பொடி பறந்து வாயில் கரித்தது.
ஷைஜு கைக்கருவியோடு ஒவ்வொரு துண்டாகக் குனிந்தான்:
மோட்டார் ஓடு, பம்பு, ஆஸ்பத்திரிக் கட்டில்.
கட்டிலில் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்.
ஒண்ணுமில்ல, என்றான்.
அந்தச் சொல்லுக்கு மட்டும் இங்கே மொழிபெயர்ப்பு வேண்டாம்.

டீ கொண்டுபோனேன்.
"அங்கயே வெச்சுட்டுப் போங்க" என்றார்.
பயந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் கழித்து, காலி லாரி
அவரே ஓட்ட, தூண்களைக் கடந்தது.
அலறல்.
ஷைஜு கதவைத் திறந்து கருவியை நீட்டினான்.
சீட்டருகே முனகியது.
அவர் கழுத்தருகே போனதும்
எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரிந்தது.

"தைராய்டுங்க.
கோயமுத்தூர்ல மருந்து குடிக்கக் குடுத்து
மூணு நாள் தனி ரூம்ல வெச்சிருந்தாங்க.
ரெண்டு வாரம் கொழந்தைங்க பக்கத்துல போகாதேன்னாங்க.
இரும்பு பக்கத்துல போகாதேன்னு சொல்லலீங்களே."

சட்டைப் பையில் ஆங்கில அட்டை ஒன்று
வேர்வையில் ஊறி நான்காய் மடிந்திருந்தது.

எட்டு நாளாக லாரியில்தான் தூக்கம்.
தெருமுனை வரை போய் ஹாரன் அடிப்பாராம்.
ரெண்டு தடவை அடித்தால் அப்பா.
ஒரு தடவை என்றால் வேறு வண்டி.
மகள் மாடிச் சுவரில் வந்து நிற்பாளாம்.

ஹசனார் பதிவேட்டைத் திறந்தார். சரக்கு: சுத்தம்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
ஓட்டுநர் என்று எழுதி, அடித்து,
மருந்து என்று எழுதினார்.

பிறகு அத்தனையையும் திரும்ப ஏற்றினோம்,
எடை போட; போட்டதும் மறுபடி இறக்கினோம்.
சட்டம் அப்படி.
எடையின்போது ஓட்டுநர் வண்டியில் இருக்கக் கூடாது,
அவர் சொல்லாமலே இறங்கியிருந்தார்.
பதினோராயிரத்து இருநூற்றுப் பத்து கிலோ.
சீட்டை ஜன்னல் திண்டில் வைத்து, பறக்காமல் இருக்க
மேலே ஒரு போல்ட் வைத்தேன்.
சீட்டை எடுத்துக்கொண்டார். போல்ட்டை
இருந்த இடத்திலேயே நிமிர்த்தி வைத்தார்.

வெளியேறும்போதும் தூண்கள் அலறின.
ஷைஜு கையை மட்டும் அசைத்தான்.
நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில்
ரெண்டு தடவை ஹாரன் கேட்டது.
எதிரே மாடு ஏதாவது வந்திருக்கும்.

அடுத்தது ஒரு ஆட்டோ. நாலு மின்விசிறி, ஒரு கிரைண்டர்.
அட்டை கேட்டேன்.
இறங்கி நில்லுங்கள் என்றேன்.